ரூமாக் கிணறும் கணினி இயங்குதளமும்

பள்ளிவாசல் ஹவ்ளிலிருந்து ஒரு குடம் நீரை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாமா என்று மஸ்அலா கேட்டு வருகிறவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். வக்ஃபுப் பொருளில் அவ்வளவு பேணுதல்! ஆனால் அவர்களிற் பலருடைய வீட்டுக் கணினியைத் திறந்து பார்த்தால், விலை கொடுத்து வாங்காத விண்டோஸ் கள்ளச் சாவியினால் ஓடிக்கொண்டிருக்கும். ஏன் என்று கேட்டால், "கோடி கோடியாய்ச் சம்பாதிக்கும் கம்பெனி ஹஜ்ரத், நாம் ஒருவர் காசு கொடுக்காவிட்டால் அவனுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?" என்று பதில் வருகிறது. மத்ரஸாக்களின் அலுவலக அறைகளும் இதற்கு விலக்கல்ல. அமானிதத்தைப் பற்றிய பாடக்குறிப்பே அமானிதம் பேணாத கருவியில் தட்டச்சாகிறது.

இதனை நாம் கண்டிக்கிறோம். வேறு வழியே இல்லாதவர் செய்கிற பிழையாக இருந்தால் இரக்கத்தோடு பேசியிருப்போம். வழி இருக்கிறது, முப்பதாண்டுகளுக்கும் மேலாகத் திறந்தே கிடக்கிறது. அதனைத் திரும்பியும் பாராமல் திருட்டுப் படியை நாடுவதே நம் மனத்தை வருத்துகிறது.

முதலில் விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். கணினி என்னும் இயந்திரத்தை நடத்துகிற அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். மனிதர் எழுதிய, மனிதர் படிக்கத்தக்க அதன் எழுத்து வடிவம் மூலநிரல். ஹகீம் தரும் லேகியத்துக்கும் அந்த லேகியத்தின் செய்முறை ஏட்டுக்கும் உள்ள வேறுபாடே, ஓடும் மென்பொருளுக்கும் மூலநிரலுக்கும் உள்ள வேறுபாடு. விண்டோஸ் போன்ற தனியுரிமை மென்பொருளில் லேகியம் மட்டுமே நம் கைக்கு வருகிறது. ஏடு உரிமையாளரின் பெட்டிக்குள் பூட்டியிருக்கிறது. லினக்ஸ் போன்ற திறந்த மூல மென்பொருளில் லேகியத்தோடு ஏடும் தரப்படுகிறது. படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம்.

இந்த ஏற்பாடு தானாக முளைத்ததன்று. அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், அங்கிருந்த அச்சுப்பொறி ஒன்றின் குறையைத் திருத்துவதற்காக அதன் மூலநிரலைக் கேட்டார். அதனை வைத்திருந்தவரோ, யாருக்கும் தருவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி மறுத்தார். அறிவு பூட்டப்படுவதை ஸ்டால்மன் பொறுக்கவில்லை. எனினும் அவர் பூட்டை உடைக்கவும் இல்லை. எவரும் படிக்கவும் பகிரவும் தக்க ஓர் இயங்குதளத்தை அடியிலிருந்து எழுதப் போவதாக 1983-ல் அறிவித்து, அதற்குக் குனூ எனப் பெயரிட்டார். 1989-ல் குனூ பொது உரிமம் என்னும் ஆவணத்தை வெளியிட்டார். 1991-ல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் கருப்பகுதியை எழுதி வெளியிட்டார். மறு ஆண்டில் அதனை அந்த உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். அந்தக் கருவும் குனூவின் கருவிகளும் சேர்ந்ததே லினக்ஸ் என்று இன்று வழங்கும் இயங்குதளம்.

இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு ரூமாக் கிணறு நினைவுக்கு வருகிறது. மதீனாவில் நல்ல குடிநீருக்கு அக்கிணறே கதியாக இருந்த காலத்தில், அதன் உரிமையாளர் நீரை விலைக்கு விற்றார். ஏழைகள் தவித்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கிணற்றைப் பறிமுதல் செய்யச் சொன்னார்களா? இரவில் சென்று இறைத்துக் கொள்ளுங்கள் என்றார்களா? இல்லை. அதனை விலைக்கு வாங்கிப் பொதுவாக்குகிறவருக்குச் சுவனத்தை நன்மாராயமாகக் கூறினார்கள். ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் தம் பொருளைக் கொடுத்து வாங்கி அனைவருக்கும் வக்ஃபாக்கினார்கள். உரிமையாளரின் உரிமையும் காக்கப்பட்டது; தாகமும் தீர்ந்தது. கிணற்றை வாங்கு, அல்லது புதுக்கிணறு வெட்டு. இவ்விரண்டுமே கண்ணியமான வழிகள். கிணற்றுக்காரனை ஏசிக்கொண்டே அவன் கயிற்றைத் திருடுவது மூன்றாவது வழியாகாது.

"மென்பொருள் கையால் தொடும் பொருளன்று, படியெடுத்தால் உரியவனிடம் இருப்பது குறைவதில்லையே, இது எப்படித் திருட்டாகும்?" என்று சில இளைஞர்கள் வாதிடுகிறார்கள். அன்றைய இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் கீழ் இயங்கிய ஃபிக்ஹு அகாடமி 1988-ல் குவைத்தில் கூடியபோது, எழுத்துரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை ஷரீஅத்தில் மதிக்கப்படும் உரிமைகள் என்றும் அவற்றில் அத்துமீறுதல் கூடாது என்றும் தீர்மானித்தது. அன்றியும், தாம் உருவாக்கிய பேஸிக் மென்பொருளை விலை கொடாமல் படியெடுத்தவர்களைக் கண்டித்துப் பில் கேட்ஸ் 1976-ல் திறந்த மடல் ஒன்று எழுதினார். அவருடைய கம்பெனி பின்னாளில் செய்தவற்றையெல்லாம் நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் உழைத்தவன் கூலி கேட்பதை, வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணிக்கப்பட்ட சமுதாயம் எள்ளி நகையாடலாமா?

நிற்க. இனி மறுபக்கத்தாரைப் பார்ப்போம். "இலவசமாய்க் கிடைப்பது எளியவர்க்குரிய மட்டச்சரக்கு" என்பது அவர்கள் கருத்து. உலகின் மிக வேகமான 500 கணினிகளைத் தரவரிசைப்படுத்தும் பட்டியல் ஒன்று உண்டு. அதிலுள்ள 500-ம் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே ஓடுகின்றன. ஆண்ட்ராய்டுக் கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் லினக்ஸின் கருவைச் சட்டைப்பையில் சுமந்து திரிகிறார்கள். கெய்ரோ பூலாக் அச்சகத்துக் கிதாபுகளின் எழுத்தழகை நம் உஸ்தாதுமார்கள் புகழக் கேட்டிருக்கிறோம். அவ்வெழுத்தைப் பின்பற்றி எகிப்தியரான காலித் ஹுஸ்னீ அமைத்த 'அமீரி' எழுத்துரு, திறந்த உரிமத்தில் யாவர்க்கும் கிடைக்கிறது. இதுவா மட்டச்சரக்கு?

"இலவசம்தானே, நமக்கு என்ன கடன்?" என்போர் மூன்றாவது வகையினர். இவர்களிற் பெருங்கம்பெனிகளும் உண்டு. இங்கேதான் குனூ பொது உரிமத்தின் நுட்பம் விளங்க வேண்டும். அது எழுதியவரின் உரிமையைக் கைவிடுகிற பத்திரமன்று; அவ்வுரிமையைக் கொண்டே நிபந்தனை விதிக்கிற பத்திரம். 'திருத்திப் பிறர்க்கு வழங்குவாயானால், உன் திருத்தத்தின் மூலநிரலையும் இதே நிபந்தனையோடு கொடு' என்பதே அந்த நிபந்தனை. வக்ஃபு செய்தவரின் ஷர்த்துக்கு நம் ஃபுகஹாக்கள் எத்துணைக் கண்ணியம் அளித்தார்கள் என்பதை ஓதியவர்கள் அறிவார்கள். இரண்டும் முற்றிலும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை; வக்ஃபுப் பொருளை விற்கலாகாது, இதன் படியை விற்கலாம். ஆனால் பொதுவுக்கு விட்டதைத் தனியார் விழுங்காதபடி காப்பது ஷர்த்தே என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

ஷர்த்து வெறும் காகிதமன்று. 2003-ல் லிங்க்ஸிஸ் நிறுவனம் தன் வலையிணைப்புப் பெட்டி ஒன்றில் லினக்ஸைப் பயன்படுத்திவிட்டு மூலநிரலைத் தராதிருந்தது வெளிப்பட்டது. வற்புறுத்தலின்பேரில் அதனை வெளியிட்டது; அதிலிருந்து கிளைத்த ஓப்பன்டபிள்யுஆர்டி என்னும் இயங்குதளம் இன்று எத்தனையோ பெட்டிகளில் ஓடுகிறது. 2004-ல் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம், இவ்வுரிமத்தை மீறிய மற்றொரு நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

ஷர்த்தின் எழுத்தைக் காத்து அதன் உயிரைச் சுருக்குகிறவர்களும் உண்டு. ரெட் ஹாட் நிறுவனத்தை ஐ.பி.எம். 2019-ல் சுமார் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-ல் ரெட் ஹாட், தன் வணிக லினக்ஸ் பதிப்பின் மூலநிரலை எல்லோருக்கும் வெளியிடுவதை நிறுத்தி, வாடிக்கையாளருக்கே தருவதென மாற்றிக்கொண்டது. ஒத்திகைக்குரிய பதிப்பின் நிரலை மட்டும் பொதுவில் விட்டுவைத்தது. உழைக்காமல் நகலெடுப்பவர்கள் பயனடைகிறார்கள் என்பது அவர்கள் வாதம். பல்லாயிரவர் வெட்டிய குளத்துக்கு மதகு வைப்பது என்ன நியாயம் என்பது நம் கேள்வி. வக்ஃபுச் சொத்தின் கணக்கைத் தமக்கு வேண்டியவருக்கு மட்டும் காட்டும் முத்தவல்லிகளைக் கண்டு பழகிய நமக்கு இது புதிதாகவும் படவில்லை.

எனினும் நீதி தவறிப் பேசலாகாது. லினக்ஸின் கருவில் இன்று நடைபெறும் வேலையிற் பெரும்பகுதியைச் செய்வோர், கம்பெனிகளிடம் ஊதியம் பெறும் பொறியாளர்களே. 2001-ல் லினக்ஸைப் புற்றுநோய் என்று வர்ணித்தார் மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைவர் ஸ்டீவ் பால்மர். அதே மைக்ரோசாஃப்ட் 2016-ல் லினக்ஸ் அறக்கட்டளையில் உறுப்பினராயிற்று. 2024 மார்ச்சில், தனியொருவர் களைத்துப்போய்ப் பராமரித்து வந்த எக்ஸ்-இசட் என்னும் சிறு மென்பொருளில், நம்பிக்கை பெற்று நுழைந்த ஒருவர் கள்ளவாசல் அமைத்திருந்தார். லினக்ஸ் பதிப்புகள் பலவற்றுக்கும் பரவவிருந்த அந்தத் தீங்கைக் கண்டறிந்தவர், மைக்ரோசாஃப்டில் பணிபுரியும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். உள்நுழைவு அரை விநாடி தாமதித்ததை ஐயுற்றுத் துருவினார். நிரல் திறந்திருந்தமையால் துருவ முடிந்தது. பொதுக்கிணற்றைத் தூர்வாரும் கைகள் குறைந்தால் அதில் நஞ்சு கலப்பது எளிது என்பதே இந்நிகழ்ச்சி தரும் படிப்பினை. குடிக்கிறவர்கள் அனைவருக்கும் தூர்வாரும் கடமை உண்டு.

நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்ட ஒன்றைச் சொல்லி முடிப்போம். 14-10-2025 அன்று விண்டோஸ் 10-க்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொள்பவர்க்குச் சிறிது கால நீட்டிப்பு மட்டுமே உண்டு. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு முதலியன பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. பழுதுபடாத இயந்திரம், தொலைதூரத்து முடிவு ஒன்றினால் கழிவுப் பொருளாகிறது. ஏடு பூட்டியிருப்பதன் விலை இதுதான். அத்தகைய கணினிகளிற் பலவற்றில் லினக்ஸ் இன்றும் செவ்வனே ஓடும். ஸதக்காப் பணத்தில் வாங்கிய கணினியைக் குப்பையில் போடுவதற்குமுன் நிர்வாகிகள் இதனைச் சிந்திக்க வேண்டாவா?

நம் பிள்ளைகளால் பழகிக்கொள்ள முடியாது என்று சாக்குச் சொல்ல வேண்டாம். அண்டை மாநிலமான கேரளத்தின் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸிலேயே பாடம் கற்கிறார்கள். கணக்கெழுதவோ அச்சுக்கோக்கவோ தனியுரிமை மென்பொருள்தான் வேண்டுமெனில், விலை கொடுத்து வாங்குங்கள், அதில் இழுக்கில்லை. மற்றக் கணினிகளில் கள்ளச்சாவியைக் களைந்து லினக்ஸை நிறுவுங்கள். கற்ற இளைஞர்கள் அதன் சொற்களைத் தமிழாக்கட்டும். குறை கண்டால் எழுதியவர்களுக்குத் தெரிவிக்கட்டும். வசதியுள்ளோர் பொருள் தரட்டும். மரணத்துக்குப் பின்னும் நன்மை தொடரும் செயல்களில் பயன்தரும் கல்வியும் ஒன்றென ஓதுகிறோமே, அதற்கு இப்படியும் ஒரு வாசல் திறந்திருக்கிறது.

பிறர் உரிமையைப் பேணவும், பொதுநலத்தில் பங்கு கொள்ளவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.