பழைய உயரமானியை விற்காதே!



அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் ஒரு படம் அனுப்பினான். பெட்டி பெட்டியாக வரும் பாகங்களை வாங்கி, வீட்டுக் கார் ஷெட்டிலேயே அவன் கட்டிய குட்டி விமானம். இப்போது அதன் கருவிப் பலகையைக் கழற்றி, வட்ட முள் கருவிகளை எல்லாம் எடுத்துவிட்டு, இரண்டு பெரிய திரைகள் மட்டும் வைக்கப் போகிறானாம். "எப்படி இருக்கு சார்?" என்று கேட்டான்.

அழகாக இருக்கிறது. எடை குறையும், தேய்கிற பாகங்களும் குறைவு. அவன் சொல்வது சரிதான். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

1978 ஜனவரி 1 இரவு, மும்பையிலிருந்து துபாய் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' சில நிமிடங்களில் அரபிக் கடலில் விழுந்தது. 213 பேரும் இறந்தார்கள். விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும் செயற்கை அடிவானக் கருவி, கேப்டன் பக்கத்தில் தவறாகக் காட்டியது. வெளியே கும்மிருட்டு, கண்ணுக்கு அடிவானம் இல்லை. அவர் அதை நம்பி விமானத்தைத் திருப்பினார். பக்கத்து விமானியின் கருவி சரியாகவே இருந்தது!

2009 ஜூன் 1 அன்று ஏர் பிரான்ஸ் 447. வேகத்தை அறிய உதவும் பிட்டோ குழாய்கள் பனிக்கட்டியால் அடைபட்டன. ஒன்றுக்கு மேல் குழாய் இருந்தும், எல்லாம் ஒரே வகை என்பதால் வேக அளவுகள் சேர்ந்தே குழம்பின. விமானிகள் தடுமாறினார்கள். 228 உயிர்கள் போயின.

ஆகவே தம்பி, எத்தனை கருவி என்பதல்ல கேள்வி. ஒன்று கெட்டால் மற்றொன்று தனியாக நிற்குமா என்பதுதான். உன் இரண்டு திரைக்கும் ஒரே பேட்டரி, ஒரே காற்றுக்குழாய் என்றால் அவை இரண்டல்ல, ஒன்றுதான். ஒரு திரைக்காவது தனி பேட்டரி வை. மின்சாரமே வேண்டாத பழைய உயரமானிக்கு ஓரமாக ஓர் இடம் விடு. வகுப்பில் பார்த்த அனிராய்டு பாரமானி நினைவிருக்கிறதா? காற்றழுத்தம் குறைந்தால் உப்பும் உலோகக் குப்பி. உயரமானியும் அதேதான். பேட்டரி தீர்ந்தாலும் அது வேலை செய்யும்.

நம் பழவேற்காட்டு மீனவர்கள் கையிலும் இன்று ஜிபிஎஸ் இருக்கிறது. அதற்காக முகத்துவாரம் நெருங்கும்போது கலங்கரை விளக்கத்தையும் அலையையும் பார்க்காமல் படகை விடுகிறார்களா?

திரையை வாங்கு, சந்தோஷம். பழைய உயரமானியை மட்டும் விற்காதே. வேலை முடிந்ததும் மறுபடி படம் அனுப்பு. அந்த மூலையைத்தான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்,
மீஞ்சூர்.