பழைய வண்டிக்குப் புதிய பூட்டு

மாற்றல் உத்தரவு வந்ததும் பாத்திரம் பண்டங்களைச் சாக்கில் கட்டிப் பழகிய குடும்பங்கள் நம்முடையவை. வீட்டையே காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் அமெரிக்கரைப் பற்றி இத்திங்கள் எழுதப் புகுந்தமைக்கு அதுவே காரணம் என அன்பர்கள் கொள்க. அவ்வண்டிகளை டிரெயிலர் என்பர். வாலி பையம் என்பார் 1936-இல் வெளியிட்ட ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர், விமானத்தைப் போல அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்தது. அவர் மறைந்த மறு ஆண்டு, 1963-இல், சிங்கப்பூரினின்று புறப்பட்ட ஏர்ஸ்ட்ரீம் அணியொன்று நம் பாரத நாட்டின் வழியாகவே ஐரோப்பா சென்றது.

இன்று அப்பழைய வண்டிகளைச் செப்பனிடுவோரை வாட்டுபவை பெரிய உறுப்புகள் அல்ல. கதவுப் பூட்டு, ஜன்னல் தாழ், பின்விளக்கின் மூடி போன்ற சில்லறைச் சாமான்களே. வண்டி செய்த நிறுவனங்கள் பல 1970-களின் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் மூடப்பட்டன. துத்தநாகக் கலவையில் வார்த்த பூட்டுகள் நாளடைவில் பொரிந்து உதிர்கின்றன. ஜன்னல் ரப்பர் இற்றாலோ மழைநீர் உள்ளிறங்கி, தகட்டுக்குள் மறைந்த மரச்சட்டமும் தரைப்பலகையும் மக்கிவிடும். விரற்கடை ரப்பருக்காக ஒரு வீடே பழைய இரும்புக் கடைக்குப் போவதுண்டு.

ஆகவே சிலர் நகல் செய்யத் தொடங்கினர். பழைய கைப்பிடியை மண்ணிற் பதித்து, அக்குழியில் உலோகத்தை வார்த்தால் தீர்ந்தது என்றே நாமும் எண்ணியிருந்தோம். அது பிழை. உருகிய அலுமினியம் ஆறுங்கால் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும். பத்து சென்டிமீட்டர் உறுப்பு ஒரு மில்லிமீட்டருக்கும் கூடுதலாகக் குறைந்துவிட, பூட்டின் நாக்கு துளையிற் சேராது. சுருங்கும் அளவைக் கூட்டியே மாதிரியைச் செய்தல் வேண்டும். நம் சுவாமிமலை ஸ்தபதிகள் கேட்டால், இது தெரியாதா என்று நகைப்பர்! எஃகு அச்சில் வார்க்கலாமே எனில், நூற்றுக்கணக்கில் விற்றாலன்றி அச்சுக்கூலி திரும்பாது.

ரிவெட்டின் கதை வேறு. முன்னாளில் ஒருவர் வெளியே அடிக்க, மற்றொருவர் உள்ளே இரும்புக் கட்டையைத் தாங்குவார். இன்று அதற்கு உட்சுவரையே பிரிக்க வேண்டியிருக்கும். ஒலிம்பிக் ரிவெட் என்பதை வெளியினின்றே பொருத்தித் தலையைச் சீவிவிட்டால் பழையது போலவே தோன்றும். இவ்வேடத்தை நாம் குறை கூறோம். ஆனால் பூட்டையும் விளக்கையும் நகல் செய்வோர், மறைவான பக்கத்தில் செய்த ஆண்டைப் பொறித்தல் நேர்மை. பின்னர் வாங்குவோன் ஏமாறலாகாது. எரிவாயுக் குழாயிலும் பிரேக்கிலும் பழமை பாராட்டுவதோ வெறும் பேதைமை.

சென்ற மாற்றலில் நம் டிரங்குப் பெட்டியின் கொண்டி உடைந்தது. பட்டறையில் அதை வைத்தே அச்செடுத்து வார்த்துத் தந்தனர், சேரவில்லை. காரணம் இப்பொழுதுதான் விளங்கிற்று. மறுவார்ப்புக்குச் சொல்லியிருக்கிறோம்.