காலுக்கு விலை உண்டு. வளர்த்த மண்ணுக்கு இல்லையா?

இருபது வயது வீரருக்கு எத்தனை கோடி கொடுத்தாலும் அது முதலீடு. முப்பதைத் தாண்டியவருக்குக் கொடுப்பது வீண் செலவு. விளையாட்டுப் பக்கங்களில் அன்றாடம் ஓதப்படும் இந்த வாதம் கால்பந்து ஞானமாகவே போற்றப்படுகிறது. உண்மையில் இது கணக்குப்பிள்ளையின் ஞானம். பரிமாற்றத் தொகையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பகிர்ந்து செலவெழுதும் ஐரோப்பிய கிளப்புகளுக்கு வீரர் என்பவர் தேய்மானம் கணக்கிடப்படும் ஓர் இயந்திரம். இளமை என்பது மறுவிற்பனை மதிப்பு. அந்தக் கணக்கும் பலிப்பதில்லை. 2017இல் 18 வயது எம்பாப்பேயை ஏறத்தாழ 18 கோடி யூரோ விலை பேசிக் கொண்டுசென்றது பாரிஸ் கிளப். 2024இல் ஒப்பந்தம் முடிந்து அவர் ரியல் மாட்ரிட்டுக்குச் சென்றபோது அதற்குப் பரிமாற்றத் தொகையாக ஒரு யூரோவும் கிடைக்கவில்லை.

இந்தியப் பெருமுதலாளிகளோ இந்தத் தராசையே தலைகீழாகப் பிடித்தார்கள். 2010இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, 700 கோடி ரூபாய்க்கு 15 ஆண்டு வணிக உரிமையை ரிலையன்ஸ்-ஐஎம்ஜி கூட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2014இல் பிறந்தது இந்தியன் சூப்பர் லீக். முதல் ஆண்டிலேயே 44 வயது டேவிட் ஜேம்ஸ், 40 வயது பிரேஸ், 39 வயது டெல் பியரோ ஆகியோர் வந்திறங்கினர். எதிர்காலத்தையோ ஆட்டத்தையோ எண்ணியல்ல, விளம்பரப் பலகைக்காகவே அவர்கள் அழைக்கப்பட்டார்கள்.

நமது சண்டை வயது முதிர்ந்த வீரர்களோடு அல்ல. வீரரும் தொழிலாளியே, பதினைந்தாண்டு உழைப்பில் வாழ்நாளுக்கான ஊதியத்தை ஈட்ட வேண்டியவர். ஒப்பந்தம் முடிந்த வீரர் தொகையின்றி வெளியேறலாம் என்ற 1995ஆம் ஆண்டின் போஸ்மன் தீர்ப்பு தொழிலாளியின் வெற்றிதான். நமது கேள்வி வேறு: அந்தப் பணத்தில் இந்திய மண்ணில் எத்தனை சிறுவர்கள் வளர்ந்திருப்பார்கள்?

வளர்த்தவர்களின் கதியைப் பாருங்கள். முதலாவது தேசியக் கால்பந்து லீக்கை வென்ற பஞ்சாபின் ஜேசிடி அணி 2011இல் கலைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே மகிந்திரா யுனைடெட் மூடப்பட்டது. ஐ-லீக்கைக் கீழே தள்ளும் திட்டத்தை எதிர்த்து 2016இல் கோவாவின் சல்காவ்கரும் ஸ்போர்ட்டிங் கிளப்பும் விலகின. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவன் ஐ.எம். விஜயனை நாட்டுக்குத் தந்தது எந்தக் கோடீசுவரரின் ஏலமும் அல்ல; கேரள போலீஸ் அணியும் அது கொடுத்த அரசுப் பணியும்தான்.

பரிமாற்றத் தொகையில் 5 விழுக்காடு, அந்த வீரரை 12 முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குச் சேர வேண்டும் என்கிறது ஃபிஃபா விதி. ஒப்பந்தம் முடிந்த நட்சத்திரத்தை வாங்கினால் பரிமாற்றத் தொகை இல்லை; எனவே இந்தப் பங்கும் இல்லை. கோடிகள் கைமாறும், எந்தச் சிற்றூர் மைதானத்துக்கும் ஒரு காசு போகாது.

விளைவு என்ன? ஒப்பந்தம் முடியச் சில மாதங்களே இருந்த 2025 ஜூலையில், லீக் நிறுத்திவைக்கப்படுவதாக நிர்வாக நிறுவனம் அறிவித்தது. வீரர்களின் சம்பளம் நிறுத்தப்படும் நிலை வந்தது. லாபம் ஐயத்துக்குள்ளானதும் மூலதனம் ஒதுங்கிக்கொண்டது; தெருவில் நின்றவர்கள் தொழிலாளிகள்.

பள்ளி மைதானங்களுக்குப் பொது நிதி வேண்டும். உள்நாட்டுப் பரிமாற்றம் ஒவ்வொன்றிலும் பயிற்றுவித்த சிறு கிளப்புக்குப் பங்கு வேண்டும். கூட்டமைப்பின் முடிவுகளில் வீரர் சங்கத்துக்கும் ரசிகர்களுக்கும் வாக்கு வேண்டும். வீரரின் வயதை அளப்பதற்கு முன், அவரை வளர்த்தவர்களுக்குரிய கடனைத் தீருங்கள்!