சக்கரத்துக்கு ஒரு பூச்சு

ஆயுத பூஜையன்று நம் வாகனங்களின் சக்கரங்களுக்கு ஒரு தனி மரியாதை வந்து சேருகிறது. சந்தனமும் குங்குமமும் இட்டு, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தின் மீது அவற்றை ஏற்றி நசுக்கி, வருகிற ஆண்டு முழுவதும் விபத்தின்றிக் காப்பாற்ற வேண்டும் என்று மனமுருகப் பிரார்த்திக்கிறோம். அப்படிப் பிரார்த்தித்த நாமே, அந்தச் சக்கரங்களைக் காப்பாற்றும் பொறுப்பு நமக்கும் உண்டு என்பதை மறுநாள் மறந்துவிடுகிறோம். காரோடு தொழிற்சாலையிலிருந்து வந்த சக்கரங்களை, ஒரு முறையேனும், உடையவர் தம் கையாலேயே துரு நீக்கி வர்ணம் பூசிப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதனால் வரும் அழகும் சிக்கனமும் உபரி லாபங்கள். நம் உயிரைச் சுமக்கும் பொருளை அன்றுதான் நாம் முதன்முதலாக உற்றுப் பார்க்கிறோம் என்பதே தலையாய லாபம்.

எஃகுச் சக்கரம் உருவாகும் விதத்தை அறிந்தவர் அதை அலட்சியமாக எண்ணமாட்டார். சென்னைப் பாடியில் 1960-இல் தோன்றிய வீல்ஸ் இந்தியா போன்ற ஆலைகளில், தகட்டை வளைத்துச் செய்த ரிம்மையும், அழுத்தி வடித்த நடுத் தட்டையும் பற்றவைத்து, வர்ணத் தொட்டியில் முழுவதும் மூழ்கவிட்டு, மின்சாரத்தின் சக்தியால் இண்டு இடுக்கெல்லாம் பூச்சு படியச் செய்து, பின்னர் சூளையில் சூடேற்றி இறுகவைக்கிறார்கள். இவ்வளவு சிரத்தையோடு இட்ட பூச்சும், தெறிக்கும் ஜல்லியால் ஓரிடத்தில் உரிந்துபோனால், அவ்வழியே ஈரமும், கடலோர ஊர்களானால் உப்புக் காற்றும் புகுந்து, சுற்றிலும் உள்ள வர்ணத்தின் அடியில் துரு ஓசையின்றி ஊர்ந்து பரவுகிறது. கடலுக்கு அருகே குடியிருக்கும் நான், என் காரின் வீல் கப்பைக் கழற்றிய ஒரு காலையில், வெள்ளிபோல் மின்னிய அந்த மூடியின் பின்னால் சேர்ந்திருந்த துருவைக் கண்டு திடுக்கிட்டேன்.

வர்ணம் பூசுவதற்காக நான்கு சக்கரங்களையும் ஒருங்கே கழற்ற வேண்டிய அவசியமில்லை. 1904-இல் வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில், ஸ்டெப்னி என்ற தெருவின் பெயரால் விற்கத் தொடங்கிய உபரிச் சக்கரம், நம் பஞ்சர் கடைகளில் இன்றும் அதே பெயரில் வாழ்கிறது. முழு அளவான ஸ்டெப்னி இருந்தால் அதை மாட்டிவிட்டு, ஒவ்வொரு சக்கரமாக எடுத்து நிதானமாக வேலை செய்யலாம். காரைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இட்டு, எதிர்ப்புறச் சக்கரத்துக்குக் கல்லால் முட்டுக் கொடுத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும் ஆதலால், சக்கரத்தில் படிந்த பிரேக் தூளை உலர்ந்தபடி ஊதாமல், சோப்பு நீரால் நனைத்துக் கழுவ வேண்டும். துருப்பிடித்த இடங்களை 80-ஆம் எண் உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்து, பழுதற்ற பூச்சை 320-ஆம் எண் தாளால் சற்றே சொரசொரப்பாக்கி, டயருக்கும் ரிம்முக்கும் இடையே பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வட்டமாகச் செருகிவிட்டு, முதலில் பிரைமரும் பிறகு வர்ணமுமாக, அரை முழத்துக்குச் சற்று மேற்பட்ட தூரத்திலிருந்து ஸ்ப்ரேயால் மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். ஒரே பூச்சில் முடித்துவிட ஆசைப்பட்டால் வர்ணம் வழியும். ஐப்பசி கார்த்திகை மழையில் அடித்தால் வெளிறிப் பூக்கும். தை பிறந்தபின் வரும் காய்ந்த நாட்களே உசிதம்.

வர்ணம் எங்கே பட வேண்டும் என்பதைக் காட்டிலும் எங்கே படக்கூடாது என்பதை அறிவதுதான் இதில் பெரிய பாடம். நட்டுகள் அமரும் குழிகளிலும், ஹப்போடு ஒட்டி நிற்கும் பின்முகத்திலும் தடிப்பாகப் பூசிவிட்டால், இரண்டு உலோகங்களுக்கு நடுவே அகப்பட்ட வர்ணம் ஓட்டத்தில் நசுங்கி, முடுக்கிய நட்டு தளர்ந்துபோகும். ஆகையால் அவ்விடங்களைக் காகிதத்தால் மறைத்துக்கொள்வதும், மாட்டும்போது எதிரெதிர் நட்டுகளாக முடுக்குவதும், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி முடுக்கிப் பார்ப்பதும் கட்டாயம். தேய்க்கும்போது மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று தென்பட்டாலோ, வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு அந்தச் சக்கரத்தையே மாற்ற வேண்டும். பட்டி வைத்து அதை மூடி மேலே வர்ணம் பூசுகிறவர், தம் குடும்பத்துக்கும் எதிரே வரும் முகமறியாத மனிதருக்கும் தீங்கு செய்கிறார். பூச்சு என்பது காப்பதற்காக ஏற்பட்டது. மறைப்பதற்கு அதை உபயோகிப்பது தர்மமாகாது.

எல்லோரும் தாமே பூசிக்கொண்டால் பெயிண்டிங் பட்டறைக்காரர் பிழைப்பு என்னாவது என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால், ஒரே ஒரு சக்கரத்தைத் துரு போகத் தேய்ப்பதற்கு எனக்கு முக்கால் நாள் பிடித்தது. மறுநாள் தோளைத் தூக்க முடியவில்லை. இரண்டு சக்கரங்களை நான் முடித்தேன். மற்ற இரண்டையும் எங்கள் தெருமுனைப் பட்டறையில் கொடுத்தேன். பட்டறைக்காரர் நான்கு நாள் அவகாசம் கேட்டபோது அவசரப்படுத்தவும், கூலி சொன்னபோது பேரம் பேசவும் எனக்கு நா எழவில்லை.