முட்டைக்குள்ளே 21 நாள்!

ஹாஸ்டல் மெஸ்ஸில் முட்டை போடுற நாளில் க்யூ எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். 'உள்ளே குஞ்சு இருந்தா பாவமில்லையா?' என்று தட்டைத் தள்ளும் நண்பர் ஒருத்தராவது இருப்பார். அவருக்கு ஒரு தகவல்: நாமக்கல் பக்கத்து லேயர் பண்ணைகளில் முட்டையிடும் கோழிகளோடு சேவலே விடுவதில்லை. கரு சேராத முட்டை அது. எத்தனை நாள் அடைகாத்தாலும் குஞ்சு வராது!

ஹேச்சரிக்குப் போகும் முட்டையின் கதை வேறு. கோழி இடும்போதே அதற்குள் பல ஆயிரம் செல்கள் ரெடி. குளிர்ந்த அறையில் வைத்தால் வளர்ச்சி அப்படியே நின்றுவிடும். இன்குபேட்டரில் 37.5 டிகிரி சூடு கிடைத்ததும் மறுபடி ஸ்டார்ட்! முதல் நாளே மஞ்சள் கரு மேல் மெல்லிய கோடு ஒன்று விழும். தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்று அதில் தெரிந்துவிடும். 2-ம் நாளில் இதயம் துடிக்கும். 3-ம் நாளில் இறக்கையும் காலும் மொட்டு விடும். சுமார் 2,300 வருஷத்துக்கு முன்பே அரிஸ்டாட்டில் முட்டைகளை உடைத்து, துடிக்கும் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்.

எது எங்கே வளரணும்னு யார் சொல்றது? 'ஹாக்ஸ்' ஜீன்கள்தான். குரோமோசோமில் அவை உட்கார்ந்திருக்கும் வரிசையும், தலையிலிருந்து வால் வரை அவை வேலை செய்யும் வரிசையும் ஒன்றே! கோழிக்குக் கழுத்தெலும்பு 14, நமக்கு 7. ஜீன்கள் ஏறக்குறைய அதேதான். அவை வேலையை ஆரம்பிக்கும் எல்லைதான் தள்ளிப் போகிறது. இறக்கையில் எந்த விரல் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லும் ஜீனுக்கு வீடியோ கேம் ஹீரோவின் பெயர்: 'சானிக் ஹெட்ஜ்ஹாக்'. உங்கள் கை விரல்களை வரிசைப்படுத்தியதும் அதே பார்ட்டிதான்.

'செமஸ்டரோட மறந்துடலாம்' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்க. லேயர் இனத்துச் சேவல் குஞ்சு முட்டையிடாது, கறிக்கும் வேகமாக வளராது. அதனால் உலகம் முழுக்கப் பிறந்த அன்றே கோடிக்கணக்கில் கொல்கிறார்கள். ஜெர்மனி 2022-ல் இதைத் தடை செய்தது. முட்டையிலேயே ஆணா பெண்ணா என்று பார்த்துப் பிரிக்கலாம், ஆனால் 12-ம் நாளுக்குப் பிறகு அந்தக் கருவை அழிக்கக் கூடாது என்பது 2024 முதல் அங்கே சட்டம். கருவுக்கு வலி எப்போது தெரியும் என்ற ஆராய்ச்சியை வைத்து முடிவு செய்த நாள் அது.

இந்தக் கேள்வி நம்ம ஊர் ஹேச்சரிக்கும் ஒருநாள் வரும். அன்றைக்கு பதில் சொல்ல வேண்டியது, இன்று ஸுவாலஜி லேபிலும் வெட்னரி காலேஜிலும் கடைசி பெஞ்சில் இருக்கும் நீங்கள்தான். அந்த எம்ப்ரியாலஜி சாப்டரைச் சாய்ஸில் விட்டுடாதீங்க!