"இல்லை" என்று சொல்லத் தெரியுமா நமக்கு?

"கணினி தவறு செய்துவிட்டது" என்று சொல்வது இன்று எல்லோருக்கும் எளிதாகிவிட்டது. ஆனால் கணினி நாம் சொன்னதைத்தான் செய்கிறது. நாம் நினைத்ததைச் செய்வதில்லை. நாம் சறுக்கி விழுவது பல வேளைகளில் "இல்லை" என்ற சிறு சொல்லில்தான்.

கணினி வகுப்பில் பயிற்சிக்காக ஒரு நிரல் எழுதினோம். தந்தையையோ தாயையோ இழந்த மாணவிக்குக் கட்டணச் சலுகை உண்டு என்பது விதி. தகுதியில்லாதவர்களை முதலில் நீக்கிவிட எண்ணி, "தந்தையை இழக்கவில்லை அல்லது தாயை இழக்கவில்லை என்றால் நீக்குக" என்று எழுதினோம். விதியில் 'அல்லது' இருந்ததால் மறுப்பிலும் 'அல்லது' என்றே போட்டோம். பெற்றோர் இருவரும் உள்ளவர், இருவரையும் இழந்தவர் என இரண்டு விவரங்களைக் கொடுத்துப் பார்த்தோம். விடை சரியாகவே வந்தது. மகிழ்ந்தோம்.

அப்போது, தந்தையை இழந்த எங்கள் தோழி ஒருத்தி தன் விவரத்தைக் கொடுத்தாள். "தகுதியில்லை" என்று திரையில் வந்தது! தாய் இருக்கிறார் என்ற ஒரு காரணத்துக்காகவே கணினி அவளை நீக்கிவிட்டது. அவள் சிரித்துவிட்டாள், எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

"தந்தையையும் இழக்கவில்லை, தாயையும் இழக்கவில்லை" என்பதே சரியான மறுப்பு. மறுக்கும்போது 'அல்லது' என்பது 'மற்றும்' ஆகும். 'மற்றும்' என்பது 'அல்லது' ஆகும். சுற்றுலாவுக்குக் கடிதமும் பணமும் வேண்டுமென்றால், இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் போக முடியாதல்லவா? இவையே டி மார்கனின் விதிகள். கணங்கள் பாடத்தில் படித்தோம், மதிப்பெண் வாங்கினோம், மறந்தோம்! அகஸ்டஸ் டி மார்கன் 1806-ஆம் ஆண்டு நம் மதுரையில் பிறந்தவர். அவருக்கு ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன்பே, பிரான்சிஸ்கன் சபைத் துறவியான ஒக்காம் வில்லியம் இதே உண்மையைச் சொற்களில் எழுதி வைத்தார்.

ஆகவே இது கணினி படிப்போருக்கு மட்டும் உரியதன்று. தெளிவாகப் பேசவும் எழுதவும் விரும்பும் எல்லோருக்கும் உரியது. இதை மொழிப்பாட வகுப்பிலும் கற்பிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. நாளை நம்மில் பலர் அலுவலகங்களில் விதிகளும் விண்ணப்பங்களும் எழுதுவோம். அன்று இரு முனைகளை மட்டும் சோதித்து நிறைவடையாமல், இடையில் நிற்பவர்களையும் எண்ணிப் பார்ப்போம். ஆம் என்பதையும் இல்லை என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது மலைப்பொழிவில் ஆண்டவர் கற்பித்த பாடம். தோழியரே, நம் "இல்லை"யால் உரியவள் ஒருத்தி வெளியே நிற்க வேண்டாம்!