எந்திர மனிதனுக்கு ஏது பாஸ்போர்ட்?

லண்டனில் 1928-ம் ஆண்டு ஒரு கண்காட்சி நடந்தது. சிறிய எந்திர மாதிரிகளைச் செய்கிறவர்கள் நடத்திய கண்காட்சி அது. அதைத் திறந்து வைக்க யார்க் கோமகன் வருவதாக இருந்தது. பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஆனாரே, அவர்தான்! ஆனால் அவரால் வர முடியவில்லை.

கண்காட்சியின் செயலாளர் கேப்டன் ரிச்சர்ட்ஸ். கோமகன் இல்லாவிட்டால் என்ன, எந்திரத்தைக் கொண்டே எந்திரக் கண்காட்சியைத் திறந்துவிடலாம் என்று அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ரெஃபெல் என்ற எஞ்சினியரும் அவரும் சேர்ந்து ஓர் எந்திர மனிதனைச் செய்தார்கள். அதற்கு எரிக் என்று பெயர் வைத்தார்கள்.

எரிக் பழைய காலத்துப் போர் வீரனைப் போல இருந்தான். உடம்பு முழுவதும் அலுமினியக் கவசம். பேசும்போது வாயில் நீல நிறத் தீப்பொறி பறந்தது. எழுந்து நின்றான். குனிந்து வணங்கினான். இடமும் வலமும் பார்த்தான். 4 நிமிடம் சொற்பொழிவு ஆற்றினான். கூட்டம் வாயைப் பிளந்தது. நடக்க மட்டும் அவனுக்கு வராது. கால்கள் ஒரு பெட்டியோடு சேர்த்து முடுக்கப்பட்டிருந்தன.

1929 ஜனவரியில் எரிக் அட்லாண்டிக் கடலைத் தாண்டி நியூயார்க் நகரத்துக்குப் போய்விட்டான். அங்கேயும் கூட்டம்; அங்கேயும் கைதட்டல்!

நாடு விட்டு நாடு போய் மேடை ஏறும் எந்திர மனிதர்களுக்கு அவனே மூத்தவன் என்று சொல்லலாம். இன்று அது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. கல்யாண வீட்டுக்குப் பந்தல், பாத்திரம், நாற்காலி வாடகைக்கு எடுப்பது போல, விழாவுக்கு எந்திர மனிதனை வாடகைக்கு எடுக்கிறார்கள். வரவேற்க ஒன்று, ஆட ஒன்று, கை குலுக்க ஒன்று!

வாடகைக்கு எடுப்பதற்குக் காரணம் உண்டு. சீனாவின் யூனிட்ரீ நிறுவனம் 2024-ல் ஜி-1 என்ற எந்திர மனிதனைக் கொண்டு வந்தது. ஏறத்தாழ 130 சென்டிமீட்டர் உயரம். 35 கிலோ எடை. ஆரம்ப விலை 16,000 அமெரிக்க டாலர். ஒருநாள் விழாவுக்காக இவ்வளவு பணம் போட்டு யார் வாங்குவார்? 2025 ஜனவரி 28-ந் தேதி, சீனப் புத்தாண்டு டெலிவிஷன் நிகழ்ச்சியில் அதே நிறுவனத்தின் 16 எந்திர மனிதர்கள் கைக்குட்டை சுற்றி நாட்டுப்புற நடனம் ஆடின. நாடே பார்த்தது. அதற்குப் பிறகு வாடகைச் சந்தை சூடு பிடித்தது. ஒரு நாள் வாடகை பல ஆயிரம் யுவான் வரை போனது. பிறகு நிறையப் பேர் தொழிலில் இறங்கவே வாடகையும் இறங்கியது.

மேடையில் விருந்தாளி, சாவடியில் சரக்கு

உள்ளூர் விழா என்றால் ஒரு வேனில் ஏற்றினால் போதும். எல்லை தாண்டுவது என்றால்தான் சங்கதி வேறு.

மேடையில் அது விருந்தாளி. மாலை போடுகிறார்கள், மந்திரிகள் கை குலுக்குகிறார்கள். ஆனால் சுங்கச் சாவடியில் அது சரக்கு! அதற்குப் பாஸ்போர்ட் கிடையாது. பெட்டியில் படுக்க வைத்து, நம்பர் போட்டு, எடை போட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

சரக்கு உள்ளே வந்தால் வரி கட்ட வேண்டும். ஆனால் மூன்றே நாளில் திரும்பிப் போகிற பொருளுக்கு முழு வரி கட்டுவது நியாயமா? பக்கத்து நாட்டுச் சந்தைக்குக் காளையை ஓட்டிப் போகிறவனை நினைத்துப் பாருங்கள். விற்றுவிட்டு வந்தால் வரி கேட்கலாம். காட்டிவிட்டுத் திரும்ப ஓட்டி வந்தால் எதற்கு வரி? ஆனால் அவன் விற்க மாட்டான் என்பதற்கு யார் ஜாமீன்?

இந்தச் சிக்கலுக்கு 1961-ம் ஆண்டு பல நாடுகள் கூடி ஒரு வழி கண்டன. ஏ.டி.ஏ. கார்னே என்று அதற்குப் பெயர். தற்காலிகமாக உள்ளே வரும் பொருளுக்கு ஒரு சீட்டுப் புத்தகம். சரக்கின் பாஸ்போர்ட் என்றே வியாபாரிகள் அதைச் சொல்கிறார்கள். புறப்படும் நாட்டில் உள்ள வர்த்தகச் சங்கம் அதைக் கொடுக்கிறது. இந்தியாவில் ஃபிக்கி என்ற வர்த்தக சம்மேளனம் கொடுக்கிறது. பொருள் திரும்பாவிட்டால் வரிக்கு அந்தச் சங்கமே ஜாமீன். ஆகையால் சங்கம் சொந்தக்காரரிடம் முன்பணமோ பாங்கு உத்தரவாதமோ வாங்கிக் கொள்கிறது.

புத்தகத்தின் அட்டை பச்சை. புறப்படும்போதும் திரும்பும்போதும் கிழிக்க மஞ்சள் தாள். அந்நிய நாட்டுக்குள் நுழையவும் வெளியேறவும் வெள்ளைத் தாள். நடுவில் வேறொரு நாட்டைக் கடந்து போனால் நீலத் தாள். ஓராண்டு வரை செல்லும். எந்திர மனிதன், தலை, கை, சார்ஜர், கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றையும் நம்பரோடும் விலையோடும் எழுத வேண்டும். விழாவில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் பரிசுப் பொருள்களை இந்தப் புத்தகத்தில் சேர்க்கக் கூடாது. அவை திரும்பி வராதே!

மிகப் பெரிய தொல்லை முத்திரைதான். விழா முடிந்த களைப்பில், நடுராத்திரியில் சாவடியைக் கடந்து விடுவார்கள். முத்திரை வாங்க மறந்து போகும். எந்திர மனிதன் பத்திரமாக வீட்டுக்கு வந்திருக்கும். ஆனால் காகிதக் கணக்கில் அது இன்னும் அந்நிய நாட்டிலேயே இருக்கும். பல மாதம் கழித்து வரி கேட்டுக் கடிதம் வரும்!

இங்கிலாந்தில் இந்தத் தொல்லை புதிதாக வந்தது. அங்கே கார்ன்வால் பகுதியில் பேசும் எந்திர மனிதர்களைச் செய்யும் ஒரு பட்டறை இருக்கிறது. ரோபோதெஸ்பியன், அமேக்கா என்ற எந்திரங்கள் அங்கே பிறந்தவை. விழாக்களுக்கு வாடகைக்கும் போகிறவை. 2020 முடிய அவை பாரீசுக்கோ பெர்லினுக்கோ தாராளமாகப் போகலாம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது. 2021 ஜனவரி 1-ந் தேதியிலிருந்து எல்லைச் சாவடியில் காகிதம் காட்ட வேண்டியதாயிற்று. வேடிக்கை என்னவென்றால், பெல்பாஸ்டிலிருந்து டப்ளினுக்குப் போகும் எந்திரத்துக்குச் சுங்கச் சோதனை இல்லை. அதே எந்திரம் வேல்ஸ் கரையிலிருந்து கப்பல் ஏறி டப்ளினுக்குப் போனால் உண்டு!

பேட்டரியும் ஒரு தலைவலி. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது கடினம். ஆகவே 160 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் பெட்டியோடு கொண்டு போக முடியாது. நடக்கும் எந்திர மனிதனின் பேட்டரி இந்த அளவைத் தாண்டியது. அதைத் தனியாக அனுப்பினால் சரக்கு விமானத்தில்தான் போக வேண்டும். அதுவும் 30 சதவீதத்துக்கு மேல் மின்சாரம் ஏற்றியிருக்கக் கூடாது. எந்திர மனிதன் முதல் நாளே வந்துவிட, அதன் உயிர் மறுநாள் வந்து சேருகிறது.

திரைக்குப் பின்னால் யார்?

இவ்வளவும் சரக்கின் கதை. கூட வரும் ஆளின் கதை யாருக்கும் தெரிவதில்லை.

எந்திர மனிதன் தனியாக வருவதில்லை. பூட்ட ஒருவர், இயக்க ஒருவர் என்று ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கு விசா வேண்டும். சில நாடுகளில் வேலை செய்யத் தனி அனுமதியும் வேண்டும். அது கிடைக்காவிட்டால் எந்திரம் மட்டும் வந்து பயன் இல்லை. எரிக்கின் காலத்திலேயே அப்படித்தான். அவனை ஆட்டிவைக்க ஆட்கள் இருந்தார்கள்.

நம் ஊர்ப் பொம்மலாட்டத்தில் பொம்மைதான் ஆடுகிறது. ஆனால் கயிற்றைப் பிடித்திருப்பவர் யார் என்பது ஊருக்கே தெரியும். ஆட்டம் முடிந்ததும் வேட்டி போர்த்துவது அவருக்குத்தான். பொம்மைக்கு யாரும் போர்த்துவதில்லை. எந்திர மனிதன் விஷயத்தில் இது தலைகீழாகி வருகிறது. அதுதான் கவலைக்குரியது.

2023 ஜூலை 7-ந் தேதி ஜெனீவா நகரில் ஒரு பத்திரிகையாளர் கூட்டம் நடந்தது. ஐக்கிய நாடுகளின் தொலைத்தொடர்பு அமைப்பு அதைக் கூட்டியது. 9 எந்திர மனிதர்கள் மேடையில் இருந்தன. எஜமானரை எதிர்த்துக் கலகம் செய்வாயா என்று கூட ஒரு எந்திரத்தைக் கேட்டார்கள். தன்னைச் செய்தவர் நல்லவர் என்று அது பதில் சொன்னது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதை வெளியிட்டன. ஆனால் அந்தப் பதில்களில் எவ்வளவு முன்கூட்டியே எழுதி வைத்தது, எவ்வளவு அப்போது பிறந்தது என்பது வந்திருந்த நிருபர்களுக்கே தெளிவாகவில்லை.

ருஷ்யாவில் இதைவிடக் கூத்து நடந்தது. 2018 டிசம்பரில் யரோஸ்லாவ்ல் நகரில் இளைஞர் விழா. அங்கே போரிஸ் என்ற எந்திர மனிதன் ஆடியது. அரசு டெலிவிஷன் அதைப் பிரமாதமாகப் புகழ்ந்தது. மறுநாள் குட்டு வெளிப்பட்டது. எந்திர உடைக்குள் இருந்தது ஒரு மனிதன்! படத்தில் அவனுடைய கழுத்தே தெரிந்தது. விழா நடத்தியவர்கள் அதை நிஜ எந்திரம் என்று சொல்லவில்லை. ஆனால் வேஷம் என்றும் யாரும் முந்திக்கொண்டு சொல்லவில்லை.

வேஷம் கட்டுவது குற்றம் அல்ல. குழந்தைகள் சிரித்தால் நல்லதுதான். பார்க்கிறவர்கள் அதை உண்மை என்று நம்பி, அதன் பேச்சை ஒரு அறிவாளியின் பேச்சாக எடுத்துக் கொள்ளும்போதுதான் கெடுதி ஆரம்பிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் செயற்கை அறிவுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பேசுவது எந்திரம் என்றால் அதை மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. நல்ல விதி. ஆனால் எந்திரத்தின் வாய் வழியாக மறைவில் இருந்து ஒரு மனிதன் பேசினால்? அதற்கு அந்த விதி போதாது.

ஒரு குடியுரிமை

2017 அக்டோபரில் ரியாத் நகரில் ஒரு முதலீட்டு மாநாடு நடந்தது. ஹாங்காங் நிறுவனம் ஒன்று செய்த சோஃபியா என்ற எந்திரப் பெண் மேடை ஏறியது. சவூதி அரேபியா அதற்குக் குடியுரிமை வழங்குவதாக மேடையிலேயே அறிவித்தார்கள்! அதே டிசம்பரில் சோஃபியா மும்பை ஐ.ஐ.டி. விழாவுக்கும் வந்தது. சேலை கட்டிக்கொண்டு வந்தது. நடுவில் ஒரு கேள்விக்குப் பதில் வராமல் நின்றும் போனது.

விளம்பரத்துக்காகச் செய்தது என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அன்று சவூதிப் பெண்களுக்குக் கார் ஓட்டவே அனுமதி இல்லை. 2018 ஜூனில்தான் அந்தத் தடை நீங்கியது. அங்கே கட்டடம் கட்டவும், வண்டி ஓட்டவும், வீட்டு வேலை செய்யவும் போனவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் ஏராளம். இருபது ஆண்டு, முப்பது ஆண்டு உழைத்தவர்கள் உண்டு. அவர்கள் வேலை முடிந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டியவர்களே. பெட்டியில் வந்த பொம்மைக்கு ஒரு நிமிடத்தில் குடியுரிமை! அதைப் பார்த்த ஒரு கொத்தனாருக்கு எப்படி இருந்திருக்கும்?

விருந்தாளியாக வரும் எந்திரத்தை வேறு விதமாகவும் நடத்தலாம். 2003 ஆகஸ்டில் ஜப்பான் பிரதமர் கொய்சுமி பிராக் நகருக்குப் போனார். அசிமோ என்ற எந்திர மனிதனும் கூடப் போனது. அங்கே காரல் சாப்பெக் என்ற எழுத்தாளரின் சிலைக்கு அது மலர்ச்செண்டு வைத்தது. ரோபோ என்ற சொல்லை 1920-ல் தம் நாடகத்தின் மூலம் உலகத்துக்குக் கொடுத்தவர் அவர். சொல்லை யோசித்துச் சொன்னவர் அவருடைய அண்ணன். அந்த நாடகத்தின் பெயர் ஆர்.யூ.ஆர். எரிக்கின் மார்பில் எழுதியிருந்த எழுத்துக்களும் அவையே. அசிமோவுக்குப் பட்டமும் கொடுக்கவில்லை, குடியுரிமையும் கொடுக்கவில்லை. பூ வைத்துவிட்டு அது ஊருக்குப் போயிற்று.

விழா நடத்துகிறவர்களுக்கும் சில கடமைகள் இருக்கின்றன. வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. அவசரமாக நிறுத்தும் பொத்தான் யார் கையில் என்று கேட்க வேண்டும். 2025 பிப்ரவரியில் சீனாவில் ஒரு திருவிழாவில், எந்திர மனிதன் ஒன்று தடுப்பின் ஓரம் நின்ற கூட்டத்தின் பக்கம் திடீரென்று பாய்ந்தது. காவலர்கள் பிடித்து இழுத்தார்கள். இரும்பும் மோட்டாரும் ஒரு குழந்தையின் மேல் விழுந்தால் என்ன ஆகும்? கை குலுக்க வரிசையில் நிற்பது பெரும்பாலும் குழந்தைகளே. அதன் கண்ணில் காமிரா இருக்கிறது. எடுத்த முகங்கள் எந்த நாட்டுக்குப் போகின்றன என்றும் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் செய்யலாம். எந்திர மனிதனின் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடிக்கும் அழைப்பிதழில், அதற்குக் கீழே அதை இயக்குகிறவரின் பெயரையும், பேச்சை எழுதியவரின் பெயரையும் போடலாம். ஒரு வரிதான். அச்சுக் கூலி கூட ஏறாது.